ஆட்டுக்கால் சூப்பும் கொலாஜன் டப்பாவும்

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து ஃபேர்லேண்ட்ஸுக்குள் திரும்பினால் ஆஸ்பத்திரி, லேப், ஸ்கின் கிளினிக், மெடிக்கல் ஷாப் என்று வரிசையாக வரும். அப்படி ஒரு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரைக்கு நின்றிருந்தபோது, எனக்கு முன்னால் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா ஒரு டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொலாஜன் பவுடர், ஆரஞ்சு ஃபிளேவர். "ஒரு மாசத்துல தெரியாதுங்கம்மா, மூணு மாசம் விடாம சாப்பிட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர். அந்த அம்மா மூன்று கேள்வி கேட்டார். "முட்டிக்கு நெஜமாலுமே கேக்குமா? கிட்னிக்கு ஒண்ணும் பண்ணாதே? இது சைவம்தானுங்களே?"

கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே தலையாட்டலில் பதில் சொல்லிவிட்டார். அந்த மூன்று கேள்விகளையும் தனித்தனியாக எடுத்து, இதுவரை நடந்த ஆய்வுகளோடு வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

வச்சிரமும் கங்காரு வாலும்

கொலாஜன் என்ற பெயர் கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்த் தச்சர்களுக்கு அந்தப் பசை பழக்கமானதுதான். ஃபெவிகால் வருவதற்கு முன் மரத்தை ஒட்டக் காய்ச்சிய வச்சிரம், மாட்டுத் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுத்தது. பதனிட்ட தோல் என்பதும் பெரும்பாலும் கொலாஜனே. உடம்பிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இதுதான். தோல், எலும்பு, தசைநாண், மூட்டு முனைகளில் உள்ள ஜவ்வு எல்லாவற்றுக்கும் பாவு நூல் இது. இதில் 28 வகைகளுக்குக் குறையாமல் அறியப்பட்டுள்ளன. தோலிலும் எலும்பிலும் முதல் வகை அதிகம். மூட்டு ஜவ்வில் இரண்டாம் வகை.

இதன் வடிவத்தைக் கண்டுபிடித்துச் சொன்ன பெருமை சென்னைக்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு 1952இல் தலைவராக வந்த ஜி.என். ராமச்சந்திரனும் அவரோடு ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவும், கங்காரு வாலின் தசைநாணில் எடுத்த எக்ஸ்-ரே படங்களை வைத்து, கொலாஜன் மூன்று புரி கொண்ட முறுக்கு என்று 1954இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மறு ஆண்டே அதைத் திருத்தி இன்னும் துல்லியமாக்கினார்கள். கிண்டியில் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் தன் அரங்கத்துக்கு 'டிரிபிள் ஹெலிக்ஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறது.

மூன்று இழையை நெருக்கி முறுக்க வேண்டுமானால், ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருந்தாக வேண்டும். முறுக்கு தளராமல் நிற்க ஹைட்ராக்ஸிபுரோலின் வேண்டும். அதை உடம்பு தயாரிக்க வைட்டமின் சி வேண்டும். ஈறில் ரத்தம் கசிந்து, பழைய புண் மறுபடி திறந்துகொள்ளும் ஸ்கர்வி நோய் அந்த முறுக்கு தளர்வதால் வருவதே. நெல்லிக்காய்க்கும் கொலாஜனுக்கும் உள்ள உறவு இங்கேதான் இருக்கிறது.

வாய்க்குள் போனது எங்கே போகிறது?

வீட்டில் ஆட்டுக்கால் வாங்கி, தீயில் வாட்டிச் சுரண்டி, மஞ்சள், மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு தட்டிப் போட்டுக் குக்கரில் பல விசில் விட்டிருப்பீர்கள். குடிக்கும்போது உதடு ஒன்றோடொன்று லேசாக ஒட்டும். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை அல்வாபோல உறைந்து ஆடும். முப்புரி முறுக்கு வெந்நீரில் பிரிந்த நிலை அது. அதன் பெயர் ஜெலட்டின். அந்த ஜெலட்டினை என்சைம் கொண்டு இன்னும் பொடியாக வெட்டினால், தண்ணீரில் கரைந்து, ஆறினாலும் உறையாத கொலாஜன் பெப்டைடு கிடைக்கும். டப்பாவில் இருப்பது அதுதான்.

தொழிற்சாலையில் இது மாட்டு எலும்பு, மாட்டுத் தோல், பன்றித் தோல், மீனின் தோல், செதில் ஆகியவற்றிலிருந்து தயாராகிறது. எலும்பை அமிலத்தில் ஊறவைத்தால் தாது கரைந்து, மெத்தென்ற ஒசீன் மிஞ்சும். அதிலிருந்து ஜெலட்டின், அதற்கடுத்து பெப்டைடு. கரைந்துபோன தாதுவைச் சுண்ணாம்பு சேர்த்து மீட்டால் டைகால்சியம் பாஸ்பேட். நாமக்கல் பண்ணைக்காரர்கள் 'டிசிபி' என்று தீவனத்தில் கலக்கும் சரக்கு இந்த வழியிலும் வருகிறது. ஆக, எலும்பின் ஒரு பாதி மெடிக்கல் ஷாப்புக்கும் மறுபாதி கோழிக்கும் போகிறது.

சாப்பிட்ட கொலாஜன் நேரே போய்க் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும், முழங்கால் ஜவ்வை நிரப்பும் என்பது விளம்பரப் படத்தில் மட்டும் நடக்கிறது. வயிறும் குடலும் அதையும் பருப்பு, முட்டைபோலவே உடைத்து அமினோ அமிலங்களாக்குகின்றன. ஒரு விஷயத்தில் மட்டும் இது மாறுபடுகிறது. இரண்டு மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சில துண்டுகள், முக்கியமாகப் புரோலினும் ஹைட்ராக்ஸிபுரோலினும் ஒட்டிய துண்டு, முழுவதும் உடையாமல் ரத்தத்துக்கு வந்து சேர்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005இல் காட்டினார்கள். ஆய்வுக்கூடத்தில் இந்தத் துண்டுகளைத் தோல் செல்களுக்குக் கொடுத்தால் அவை சுறுசுறுப்பாகின்றன. 'எங்கோ கொலாஜன் உடைந்திருக்கிறது, புதிதாகக் கட்டு' என்ற சைகையாகச் செல்கள் இதை எடுத்துக்கொள்ளலாம் என்பது ஊகம். அர்த்தமுள்ள ஊகம்தான். ஆனாலும் செல்லில் நடப்பது மனிதரிலும் நடக்கிறதா என்பதைச் சோதித்தே சொல்ல முடியும்.

தோலுக்கு: யார் காசில் நடந்த ஆய்வு?

வயது ஏற ஏறத் தோலில் கொலாஜன் குறைவது உண்மை. மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில் பெண்களுக்கு அந்த இழப்பு வேகமாகிறது. அதனால்தான் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களே இந்தச் சந்தையின் முதல் வாடிக்கையாளர்கள்.

அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு 2014இல் ஜெர்மனியில் நடந்தது. 35 முதல் 55 வயது வரையுள்ள 69 பெண்கள், 8 வாரம், தினம் 2.5 அல்லது 5 கிராம். தோலின் நெகிழ்வு கூடியது என்றது முடிவு. பிறகு இப்படிப்பட்ட சிறு ஆய்வுகள் பெருகின. 2021இல் 19 ஆய்வுகளையும் (1,125 பேர்), 2023இல் 26 ஆய்வுகளையும் (1,721 பேர்) சேர்த்துப் பார்த்த தொகுப்புகள் ஈரப்பதமும் நெகிழ்வும் கூடுவதாகவே சொல்லின. விளம்பரங்களில் 'அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது' என்று வருவது இந்த வரிசையை வைத்துத்தான்.

2025இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பு இந்தக் கணக்கை வேறு மாதிரி போட்டது. 23 ஆய்வுகள், 1,474 பேர். எல்லாவற்றையும் மொத்தமாகக் கூட்டினால் வழக்கம்போல நல்ல பலன்தான். பிறகு நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய ஆய்வுகளைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் பிரித்தார்கள். நிறுவனப் பணம் பெறாத ஆய்வுகளில் ஈரப்பதம், நெகிழ்வு, சுருக்கம் மூன்றிலுமே பலன் தெரியவில்லை. தரமாக நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்தாலும் அதே கதை.

இதனால் நிறுவனம் பணம் கொடுத்த ஆய்வெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. காசு கொடுத்தவருக்குப் பிடித்த முடிவு வெளிவருவதும், பிடிக்காதது அலமாரியில் தங்குவதும் மருந்து ஆய்வுகளில் பழைய சங்கதி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் மூட்டு பற்றிய உரிமைகோரலையும், 2013இல் தோல் பற்றிய ஒரு நிறுவனத்தின் உரிமைகோரலையும் 'காரணத் தொடர்பு நிறுவப்படவில்லை' என்று சொல்லி ஏற்க மறுத்ததை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

தோலின் கொலாஜனை அறுப்பதில் முதல் குற்றவாளி வெயில். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் ஊரில் 903 பேரை நாலரை ஆண்டு பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல், இஷ்டத்துக்குப் பூசியவர்களின் தோலைவிட 24 சதவீதம் குறைவாக முதிர்ந்திருந்தது. சித்திரை வெயிலில் தலையில் ஒன்றும் இல்லாமல் ஸ்கூட்டியில் போய்விட்டு, இரவில் கொலாஜன் கலக்கிக் குடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. புகைபிடிப்பவருக்கும் இதே கதைதான்.

முழங்காலுக்கு: கொஞ்சம் நம்பலாம்

முட்டிவலிக்குச் சான்று தோலைவிடச் சற்று மேல். இதில் இரண்டு சரக்கு உண்டு. வாங்குபவர் குழம்புவதும் இங்கேதான். ஒன்று, நாளுக்கு 10 கிராம் அளவில் கலக்கிக் குடிக்கும் பெப்டைடு பவுடர். மற்றொன்று, கோழி நெஞ்செலும்பின் ஜவ்விலிருந்து எடுத்த, வேகவைக்காத இரண்டாம் வகைக் கொலாஜன். நாளுக்கு வெறும் 40 மில்லிகிராம் மாத்திரை. முதலாவது மூலப்பொருள் தரும் என்று நினைத்துக் கொடுப்பது. இரண்டாவது அப்படி அல்ல. சொந்த ஜவ்வைத் தாக்கும் எதிர்ப்பாற்றலைக் குடல் வழியாகச் சமாதானப்படுத்தும் என்ற எண்ணத்தில் கொடுப்பது. அளவிலேயே 250 மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே பெயரில் கேட்டு வாங்குகிறோம்.

இந்த 40 மில்லிகிராம் மாத்திரைக்கான பெரிய ஆய்வு நம் பக்கத்தில்தான் நடந்தது. முழங்கால் தேய்மானம் உள்ள 191 பேர், தென்னிந்தியாவில் 13 மையங்கள், 180 நாட்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடவும், குளுக்கோசமைன் கலவை சாப்பிட்டவர்களைவிடவும் வலியும் விறைப்பும் குறைந்தன. பணம் கொடுத்தது அந்தச் சரக்கை விற்கும் நிறுவனம் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

2018இல் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில் வந்த தொகுப்பு, மூட்டுத் தேய்மானத்துக்கு விற்கப்படும் 20 துணை உணவுகளை 69 ஆய்வுகளில் அலசியது. கொலாஜன் பவுடர் குறுகிய காலத்திலும், வேகாத இரண்டாம் வகை சில மாதங்கள் வரையிலும் வலியைக் குறைத்தன. நீண்ட காலத்துக்கு வலி குறைத்ததாக இருபதில் ஒன்றும் தேறவில்லை. சான்றின் தரமும் குறைவு என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். தேய்ந்த ஜவ்வு மறுபடி வளர்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை. வலி கொஞ்சம் தணியலாம், தேய்மானம் திரும்பாது.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் நாலு கிலோ குறைகிறது என்று 2005இல் கணக்கிட்டிருக்கிறார்கள். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் எடைக் குறைப்பும் எந்த மூட்டு மருத்துவர் சீட்டிலும் முதலில் வருபவை, கடையில் கிடைக்காதவை. இன்னொன்று, தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று ஃபுளோரைடு எலும்பையும் மூட்டையும் இறுக்கிய வரலாறு நமக்குத் தெரியும்; ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். மூட்டுவலி எல்லாம் கொலாஜன் பற்றாக்குறை என்று நினைத்தால், ஃபுளோரைடு, வைட்டமின் டி குறைவு, முடக்குவாதம், யூரிக் அமிலம் எல்லாம் பார்வையிலிருந்து நழுவிவிடும்.

எலும்பு, முடி, நகம், தசை

எலும்புக்கு 2018இல் ஒரு ஜெர்மன் ஆய்வு உண்டு: மாதவிடாய் நின்ற 131 பெண்கள், தினம் 5 கிராம், ஓராண்டு. முதுகெலும்பு, தொடையெலும்புக் கழுத்து இரண்டிலும் அடர்த்தி கூடியது. முறிவு குறைந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. நகத்துக்கு 2017இல் வந்த ஆய்வில் 25 பேர்தான். ஒப்பிட வெற்று மருந்துக் குழுவும் கிடையாது. முடிக்குச் சான்று இதைவிட மெலிது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. முடி கொட்டுகிறது என்று கொலாஜன் வாங்கும் பெண் முதலில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்தால் செலவும் குறையும், காரணமும் தெரியும்.

தசைக்கு இது மோசமான புரதம். டிரிப்டோஃபேன் என்ற அவசிய அமினோ அமிலம் கொலாஜனில் அறவே இல்லை. புரதத் தர மதிப்பெண்ணில் அதற்குச் சுழி. 'ஒரு ஸ்பூனில் 10 கிராம் புரதம்' என்று டப்பாவில் போட்டிருந்தால் எண் சரி, தரம் வேறு. முட்டையோ பாலோ இறங்கிய இடத்தில் இது நிற்க முடியாது.

கெடுதல் உண்டா?

நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆய்வுகளில் பதிவானவை பெரும்பாலும் வயிறு உப்புசம், ஏப்பம், வாயில் ஒரு மாதிரிச் சுவை. தலைமுறை தலைமுறையாக ஆட்டுக்கால் குடித்த உடம்புக்குக் கொலாஜன் புதுச் சரக்கும் இல்லை. ஆனாலும் கவனிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

முதலில், சிறுநீரகக் கல் வந்தவர்கள். ஹைட்ராக்ஸிபுரோலின் உடம்பில் உடையும்போது ஆக்சலேட்டாக மாறுகிறது. 30 கிராம் ஜெலட்டின் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரில் ஆக்சலேட் கூடியதை 2006இல் காட்டினார்கள். இங்கே அதிகம் வருவது கால்சியம் ஆக்சலேட் கல். வெயிலும் வியர்வையும் குறைந்த தண்ணீரும் ஏற்கெனவே அதற்கு வழி செய்கின்றன. அடுத்து, கிரியேட்டினின் கூடியவர்கள். அவர்களுக்கு மருத்துவர் புரத அளவைக் கட்டியிருப்பார், அதில் இந்தப் பத்துக் கிராமும் கணக்கு. ஆக, கடையில் கேட்ட அந்தக் கிட்னிக் கேள்வி சரியான கேள்வி. கிட்னி நன்றாக இருந்தால் பயமில்லை, இல்லையென்றால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மீன் ஒவ்வாமை உள்ளவர் 'மரைன்' என்று போட்ட டப்பாவைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகளிடமும் பாலூட்டுபவர்களிடமும் போதிய ஆய்வு இல்லாததால் தள்ளிப்போடுவது நல்லது.

கொலாஜனைவிட அதோடு கூட வருபவற்றில்தான் சிக்கல் அதிகம். பல பவுடர்களில் முடிக்கென்று பயோட்டின் சேர்க்கிறார்கள். உடம்புக்கு வேண்டியது நாளுக்கு 30–40 மைக்ரோகிராம். மாத்திரைகளில் ஆயிரக்கணக்கில் வருவதும் உண்டு. அதிக பயோட்டின் ரத்தத்தில் இருந்தால் தைராய்டு, மாரடைப்பைக் கண்டறியும் டிரோபோனின் போன்ற பரிசோதனைகள் தவறாக வரலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2017இல் எச்சரித்தது, டிரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டிய ஒருவர் இறந்ததையும் குறிப்பிட்டது. ரத்தம் கொடுக்கும் முன் லேபில் 'நான் இதைச் சாப்பிடுகிறேன்' என்று சொல்லிவிடுங்கள். குளுக்கோசமைன் கலந்ததை வார்ஃபரின் சாப்பிடுபவர் தொடக் கூடாது. ஃபிளேவர் பவுடர்களில் சர்க்கரை எவ்வளவு என்று சர்க்கரை நோயாளி பார்க்க வேண்டும். எலும்பிலும் மீனிலும் ஈயம், பாதரசம் தங்கக்கூடும் என்பதால், கன உலோகப் பரிசோதனை அறிக்கை காட்டும் தயாரிப்பே மேல்.

சைவக் கொலாஜனும் கொல்லிமலைக் கிழங்கும்

செடியில் கொலாஜன் கிடையாது. 'வெஜ் கொலாஜன்' என்று விற்பதெல்லாம், உடம்பு தானே கொலாஜன் கட்ட உதவும் என்ற பெயரில் வரும் வைட்டமின் சி, மூங்கில் சாறு, அகத்திச் சாறு முதலியவற்றின் கலவை. அகத்திக்கீரை கட்டு என்ன விலை என்று சேலத்துக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கொல்லிமலையிலும் ஏற்காட்டிலும் சாலையோரம் முடவாட்டுக்கால் கிழங்கு விற்பார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டுக் கிழங்கு அது. மேலே பழுப்பு ரோமம் மூடி, பார்க்க ஆட்டுக்காலேதான். ரோமத்தைச் சீவிவிட்டு, மிளகு, பூண்டு தட்டிச் சூப் வைத்துக் கொடுப்பார்கள். குளிருக்கு இதமாக இருக்கும். சைவ ஆட்டுக்கால் என்ற பெயர் உருவத்துக்கு வந்த பெயர். அதிலும் கொலாஜன் துளியும் இல்லை. நிஜ ஆட்டுக்கால் சூப்பிலோ உண்டு. ஆனால் எவ்வளவு என்பது எலும்பு, நேரம், தண்ணீர் மூன்றையும் பொறுத்து ஏறி இறங்கும். எலும்புச் சூப்புகளை அளந்த 2019 ஆய்வு, சோதனைகளில் கொடுத்த அளவை அவை நம்பகமாகத் தருவதில்லை என்றது. ருசிக்குக் குடியுங்கள், மருந்துக்கணக்கில் வேண்டாம்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

இந்தியாவில் இது மருந்து அல்ல. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் துணை உணவு. 2016 விதிகளின்படி 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று டப்பாவிலேயே அச்சிட வேண்டும். முன்பக்கம் பெரிய எழுத்தில் முட்டிவலி. பின்பக்கம் சிறிய எழுத்தில் இந்த வரி. 14 இலக்க உரிம எண், தயாரிப்பாளர் யார் என்பதைக் காட்டும். பலனுக்கு அது சாட்சி அல்ல. சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். எந்தப் பிராணி என்பதைச் சிறு எழுத்தில்தான் தேட வேண்டும். மாடா, பன்றியா, மீனா என்பது பலருக்கு நம்பிக்கை சார்ந்த விஷயம். மூலம் சொல்லாத டப்பாவை வாங்காதீர்கள்.

மாதம் 1,500 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 50 ரூபாய். நாமக்கல் முட்டை இரண்டில் 12 கிராம் முழுத்தரப் புரதம். விலை அதில் நாலில் ஒரு பங்குக்குக் கிட்ட. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு 46 கிராம் அளவு புரதம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். காலையில் இட்லி, மதியம் ரசம் சாதம், இரவு தோசை என்று ஓட்டும் வீட்டில் அது எட்டுவது கடினம். கொலாஜன் கட்டக் கல்லும் மணலும் முதலில் அங்கேதான் குறைகின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது. கொலாஜன் விஷமும் அல்ல, வரமும் அல்ல. தோலுக்காக என்றால் இன்றைய சான்றுக்கு அந்தக் காசு தகாது. முழங்கால் வலிக்கு என்றால், கல்லும் சிறுநீரகக் கோளாறும் இல்லாதவர், கையில் காசு இருந்தால், மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம். வலி குறையவில்லையென்றால் நாலாவது டப்பா வேண்டாம். அதற்கு முன்னால் முட்டை அல்லது பருப்பு, ஒரு நெல்லிக்காய், குடை, நடை, ஒரு ரத்தப் பரிசோதனை ஆகிய ஐந்தும் முடிந்திருக்க வேண்டும். அந்த வரிசையில் கொலாஜன் ஆறாவது.

அந்த அம்மாவின் மூன்றாவது கேள்விக்கு மட்டும் ஒற்றை வார்த்தையில் பதில் உண்டு: அசைவம்.